அம்மனுக்கு நேர்ந்த முடியை எடுத்தவள்

தாரணியின் தலையை மழிக்கச் சொன்னது நான்தான். சாட்சி சொல்ல வந்தவள் இதை முதலில் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் எல்லாமே பொய்யாகிவிடும். கத்தியைப் பிடித்தது வார்டு உதவியாளர். பிள்ளையை மடியில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டது நான். அசையாமல் இருந்தால் அத்தை பலூன் வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டியதும் நான்.

தாரணி என் அண்ணன் மகள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. ரத்தப் புற்றுநோய் என்று சொல்லியிருந்தார்கள். அவள் தலையில் இருந்தது எங்கள் கொல்லிமலை எட்டுக்கை அம்மனுக்கு நேர்ந்த முடி. பிறந்ததிலிருந்து கத்தி படாதது. அதை எடுத்தேன், அவளைப் படம் பிடித்தேன், அந்தப் படத்தைக் கடிதத்தில் அச்சடித்து முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். இரண்டு மாதத்தில் பிள்ளை போய்விட்டாள்.

அம்மனை நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். நம்பிக்கை விட்டுப்போனவர்கள் இருந்தால் அவர்களும் கேட்கட்டும். நானும் ஒன்பது மாதம் அந்தப் பக்கம் நின்றவள்தான்.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். நான் தேவனூர் நாட்டுக்காரி; மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் மிளகும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். சேலத்தில் சமூகப்பணி முதுகலை படித்தேன். எங்கள் ஊரில் அவ்வளவு தூரம் படித்த முதல் பெண் நான். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு குழந்தைகள் மருத்துவமனையில், நன்கொடை திரட்டும் பிரிவில் வேலை கிடைத்தது. ஏழைப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கிற இடம். அந்தக் காசு எங்கிருந்தாவது வர வேண்டும் அல்லவா? அதை வர வைப்பது எங்கள் பிரிவு.

வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது அப்பா கேட்டார். "என்ன வேலை சாமி?"

"மத்தவங்ககிட்டக் கேக்கற வேலைங்கப்பா."

"கேக்கறதுக்கா இத்தன வருசம் படிச்ச?"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் கேட்பதும் ஒரு வித்தைதான். எனக்கு அது நன்றாக வந்தது, கொஞ்சம் தலைக்கும் ஏறியது. நன்கொடை கேட்கும் ஒரு கடிதத்துக்கு ஒரு பிள்ளைதான். பத்துப் பிள்ளைகளைப் பற்றி எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். முதல் வரியில் பெயரும் வயதும் வந்துவிட வேண்டும். படத்தில் பிள்ளை நேராகப் பார்க்க வேண்டும், அழக் கூடாது, லேசாகச் சிரித்தால் இன்னும் நல்லது. புற்றுநோய் வார்டு என்றால் தலையில் முடி இருக்கக் கூடாது. முடி இருந்தால் பார்க்கிறவர்களுக்கு அது நோயாளிப் பிள்ளையாகவே தெரியாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எந்தக் கடிதத்துக்குப் பதில் வருகிறது, எதற்கு வரவில்லை என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

அந்த வருடம் தீபாவளிக்கு நான் ஊருக்குப் போகவில்லை. தீபாவளிதான் எங்கள் தொழிலுக்கு அறுவடைக் காலம். ஜவுளிக்கடைக்காரர்கள், லாரி முதலாளிகள், கோழிப்பண்ணைக்காரர்கள் எல்லாருக்கும் மனசு இளகி இருக்கிற நேரம். பொங்கலுக்குத்தான் மலை ஏறினேன். வாசலில் தாரணி உட்கார்ந்திருந்தாள். வெளுத்துப்போயிருந்தாள். காலில் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது. பல் விளக்கினால் ரத்தம் வருகிறது என்றார்கள்.

"எத்தன நாளா அண்ணி?"

"ஐப்பசியிலயே காய்ச்ச வந்து வந்து போச்சு கண்ணு. மாத்தர குடுத்தாங்க. வேரு அரச்சும் குடுத்தோம். சரியாப் போயிரும்னு பாத்தோம்" என்றார் அண்ணி.

என் அண்ணி பெயர் வசந்தா. எங்கள் வீட்டுக்கு அவர் வந்தபோது நான் பத்தாம் வகுப்பு. எனக்குச் சடை பின்னிவிட்டது, விடுதிக்குக் கிளம்பும்போது சாமை முறுக்கு சுட்டுத் தந்தது, மேலே படிக்க வைக்கச் சொல்லி அண்ணனிடம் சண்டை போட்டது எல்லாம் அவர்தான். இரண்டு கரு தங்காமல் போன பிறகு பிறந்தவள் தாரணி. அவள் வயிற்றில் இருக்கும்போதே அண்ணி எட்டுக்கை அம்மனிடம் போய் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்துப் பிறந்தால் ஐந்து வருடம் தலையில் கத்தி படாது, ஆறாவது வயதில் கோயிலுக்குக் கூட்டி வந்து முடி இறக்குகிறேன் என்று. அதனால் தாரணிக்கு இடுப்பு வரை முடி. அதைக் கழுவி, காய வைத்து, சிக்கெடுத்துப் பின்னுவதே அண்ணிக்கு ஒரு பூசை.

மறுநாளே அவளைச் சேலத்துக்கு இறக்கிவிட்டேன். எங்கள் மருத்துவமனையிலேயே சேர்த்தோம். நோயின் பெயரை டாக்டர் சொன்னபோது அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அண்ணி ஒன்றுதான் கேட்டார். முடி என்ன ஆகும்?

இந்த மருந்துக்கு முடி கொட்டிவிடும் என்றார் டாக்டர். ஒரு நாள் விடுங்கள், கோயிலுக்குப் போய் இறக்கிவிட்டு வந்துவிடுகிறோம் என்று அண்ணி கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார். பிள்ளை இருக்கிற நிலையில் பஸ்ஸில், கூட்டத்தில் அனுப்ப முடியாது என்றார் அவர். அவர் சொன்னது நியாயம்தான். அண்ணி அன்று முழுக்க யோசித்தார். சாயங்காலம் என்னிடம் வந்து சொன்னார்.

"அதுவாக் கொட்டுனா அம்மனே எடுத்துக்கறான்னு அர்த்தம். நாம கத்தி வெக்கக் கூடாது கண்ணு. கோயில்லதான் கத்தி படோணும். கொட்டறதயெல்லாம் நான் எடுத்து வெச்சுக் கொண்டுபோயி அவகிட்டச் சேத்திருவேன்."

சரி என்றேன். மூன்றாவது வாரம் முடி கொட்ட ஆரம்பித்தது. காலையில் தலையணையில் கிடக்கிற ஒவ்வொரு இழையையும் அண்ணி பொறுக்குவார். தரையில் விழுந்ததைக் குனிந்து எடுப்பார். மஞ்சள் துணி ஒன்றில் வைத்து முடிந்து, தன் துணிப்பைக்குள் பத்திரப்படுத்துவார். பக்கத்துக் கட்டில்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. படித்தவள் பாருங்கள்.

அந்த மாதம் புற்றுநோய் வார்டுக்கு ஒரு பெரிய வேண்டுகோள் அனுப்ப வேண்டியிருந்தது. படம் எடுக்க எந்தப் பிள்ளையும் சரியாக அமையவில்லை. ஒரு பிள்ளை கேமராவைப் பார்த்தாலே அழுதது. இன்னொரு பிள்ளையின் அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. தாரணிக்கோ அழகான முகம், பெரிய கண்கள், யாரைப் பார்த்தாலும் சிரிப்பு. எங்கள் மேலாளர் வார்டுக்கு வந்தபோது அவளைப் பார்த்துவிட்டு, "நல்ல முகம். ஆனா முடி திட்டுத்திட்டா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மீதியை என் மூளை செய்தது.

படத்துக்கான ஒப்புதல் படிவத்தை அண்ணியிடம் முன்னாலேயே நீட்டியிருந்தேன். "போட்டோத்தான கண்ணு? நீ சொன்னாச் சரி" என்று கையெழுத்துப் போட்டிருந்தார். அதைப் படிக்கக்கூட இல்லை. நான் நீட்டிய காகிதம் என்பதால் போட்டார்.

மறுநாள் காலை அண்ணி குளிக்கப் போயிருந்த நேரம். எப்படியும் கொட்டப்போகிற முடிதானே, கிருமி சேராமல் இருக்கும், பிள்ளைக்கும் அரிப்பு நிற்கும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு உதவியாளரைக் கூப்பிட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கீழே விரித்த செய்தித்தாளை அப்படியே சுருட்டிக் குப்பைப் பையில் போட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். நான் அதைக் கவனிக்கவே இல்லை. கேமராவுக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி வந்தார். ஈரத்தலையோடு கட்டிலருகே நின்றார். பிள்ளையின் தலையைத் தடவினார். முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் மெதுவாகத் தடவினார்.

"முடி எங்க?"

"போயிருச்சு அண்ணி."

"எங்க போச்சு?"

அவர் குப்பைத் தொட்டிக்கு ஓடினார். கீழ்த்தளம் வரைக்கும் போனார். வண்டி அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் அன்றே காலில் விழுந்திருப்பேன். அதன் பிறகு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். நான் போனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். தாரணி மட்டும், "அத்தை, பலூனு?" என்று கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன்.

படம் பிரமாதமாக வந்தது. கடிதம் போனது. பிரிவில் அதுவரைக்கும் எந்தக் கடிதத்துக்கும் அப்படிப் பதில் வந்ததில்லை. மேலாளர் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று புன்னகைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பங்குனியில் தாரணிக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பில் எதிர்த்து நிற்கச் சக்தி இல்லை, நுரையீரலில் கிருமி இறங்கிவிட்டது என்றார்கள். ஐந்து நாள் போராடினார்கள். ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு முடிந்துவிட்டது. அண்ணி கத்தவில்லை. பிள்ளையின் தலையைத் தன் முந்தானையால் மூடினார். மொட்டைத்தலையோடு மலை ஏற்றக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

ஆம்புலன்ஸில் ஏறப் போனேன். அண்ணன் தடுத்தார். "நீ வராத சாமி. உங்கண்ணி தாங்க மாட்டா." அவர் கோபமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டே சொன்னார். நான் பின்னால் பஸ்ஸில் போனேன். அந்தக் கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றிலும் முன்னால் ஆம்புலன்ஸ் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். போய்ச் சேர்ந்தபோது காட்டோரத்தில் புதைத்து முடித்திருந்தார்கள். யாரும் என்னிடம் பேசவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே மலை இறங்கிவிட்டேன்.

ஊரில் பேச்சு ஒன்றாகத்தான் இருந்தது. அம்மனுக்கு நேர்ந்த முடியை அந்த ஆஸ்பத்திரியில் வெட்டிக் குப்பையில் போட்டார்கள், அம்மன் பிள்ளையை எடுத்துக்கொண்டாள். அதைச் செய்தது யார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். நானும் அதை நம்பினேன். படித்த மூளை இல்லை என்றது, வயிறு ஆமாம் என்றது. எட்டுக்கை அம்மன் படம் என் மேசையில் இருந்தது. அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன். எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பது?

வேலைக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். அதில் ஒரு கொடுமை நடந்தது. தாரணிக்காக நன்கொடை கொடுத்தவர்களில் கரூர்ப் பக்கம் ஒரு பெரியவர். மாதம் ஒரு முறை கூப்பிடுவார். அவருக்கும் அந்த வயதில் ஒரு பேத்தி உண்டாம். வைகாசியில் கூப்பிட்டார்.

"பாப்பா எப்படிம்மா இருக்குது?"

சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரவில்லை. "நல்லா இருக்குதுங்கய்யா" என்றேன்.

"முடி வளந்திருச்சா?"

"வளந்துட்டு வருதுங்கய்யா."

போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அடுத்த மாதமும் கூப்பிட்டார். அடுத்த மாதமும் அதையேதான் சொன்னேன். செத்துப்போன பிள்ளையை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சிலேயே வளர்த்தேன்.

இதற்கிடையில் எங்கள் மருத்துவமனை மலையில் நடத்துகிற மாதாந்திர முகாமுக்குத் தேவனூர் நாட்டுப் பக்கமிருந்து ஆட்கள் வருவது நின்றுவிட்டது. டாக்டர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளைகள் வர மாட்டார்கள். காரணம் எனக்குத் தெரியும். மருத்துவமனையில் யாருக்கும் நான் சொல்லவில்லை.

மார்கழியில் அந்தப் பகுதிக் கிராம செவிலியர் எனக்குப் போன் செய்தார். பக்கத்து ஊரில் ராசு என்பவரின் மகள் ஹரிணி, நான்கு வயது. வெளுத்திருக்கிறாள், காலில் நீலம், மூக்கில் ரத்தம், விட்டுவிட்டுக் காய்ச்சல். "உங்கண்ணன் மக மாதிரியே இருக்குதுங்க. எத்தன சொல்லியும் அவங்கப்பா அனுப்ப மாட்டேங்கறாரு. நீங்க வந்து பேசிப் பாருங்க."

போனேன். முள்ளுக்குறிச்சி வழியாக வருகிற பஸ்ஸில் ஏறி, இறங்கி, நடந்து போனேன். ராசு என்னை உள்ளே கூப்பிட்டார். பாயை விரித்து, காபி கொடுத்தார். எங்கள் மலையில் யார் வந்தாலும் அதைச் செய்யாமல் விட மாட்டார்கள். நான் குடித்து முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்தார்.

"ஏனுங்க, நீங்க படிச்சவங்க. நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா அந்த ஆஸ்பத்திரிக்கு எம்புள்ளய அனுப்ப மாட்டனுங்க. எம்புள்ள முடியும் நேந்துதானுங்க இருக்குது."

"முடியத் தொட மாட்டாங்க, நான் பாத்துக்கறனுங்க."

"உங்க அண்ணன் புள்ளயயும் நீங்கதான பாத்துக்கிட்டீங்க?"

அந்தப் பிள்ளை அவள் அம்மாவின் தோளில் கிடந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே வெளுப்பு. நாள் கடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வேறு ஆஸ்பத்திரிக்காவது போங்கள் என்று கெஞ்சினேன். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்றும் எனக்குத் தெரியும்.

அங்கிருந்து அம்மன் கோயிலுக்குப் போனேன். அன்று வெள்ளிக்கிழமை. ஒன்பது மாதம் கழித்து அவள் முன்னால் நின்றேன். பூசாரி குங்குமம் நீட்டினார், கை நீட்ட முடியவில்லை. ஓரமாக நின்றுகொண்டேன்.

நான் வேண்ட ஆரம்பித்த அழகைக் கேளுங்கள். "அம்மா, ஹரிணிக்கு நாலு வயசு. கொல்லிமலைப் பிள்ளை. ஏழைக் குடும்பம். நீ மனது வைத்தால் அவள் பிழைப்பாள்." சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்குச் சுரீர் என்றது. இது என் கடிதம். பெயரும் வயதும் முதல் வரியில் வந்துவிட்டது. அடுத்து ஒரு படம்தான் பாக்கி. அம்மனிடமும் நன்கொடை திரட்டிக்கொண்டிருந்தேன். பிறகு என் முடியை இறக்குகிறேன், கிடா வெட்டுகிறேன் என்று பேரம் பேசப் பார்த்தேன். அதுவும் வரவில்லை. எட்டு வருடமாகக் கேட்பதையே தொழிலாகச் செய்தவளுக்கு, தனக்கு வேண்டியதைக் கேட்கத் தெரியவில்லை.

கடைசியில் உடைந்துபோனேன். கல்தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு, சுற்றியிருந்தவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். "உன் முடிய நான்தாம்மா எடுத்தேன். என்னய என்ன வேணா பண்ணு. அந்தப் புள்ளயக் கீழ இறக்கி விட்ரு. என் பேச்ச யாரும் கேக்க மாட்டாங்க. கேக்கற மாதிரி ஒரு ஆள நீயே அனுப்பு." மன்னிப்புக் கேட்கவும் தோன்றவில்லை. குங்குமம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சனி, ஞாயிறு போனது. போன் வந்துவிடாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை. புறநோயாளிகள் பிரிவைத் தாண்டித்தான் என் அறைக்குப் போக வேண்டும். டோக்கன் வரிசையில் ஒரு பெண் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். பின்புறத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. என் அண்ணி. தோளில் இருந்தது ஹரிணி. பக்கத்தில் ஹரிணியின் அம்மா பையைப் பிடித்துக்கொண்டு மிரண்டுபோய் நின்றிருந்தார்.

தன் பிள்ளை செத்த கட்டடத்துக்குள் என் அண்ணி மறுபடி வந்து நிற்கிறார்.

என்ன நடந்தது என்று ஹரிணியின் அம்மா பிறகு சொன்னார். சனிக்கிழமை அண்ணி அவர்கள் வீட்டுக்கு நடந்தே போயிருக்கிறார். நான் கோயிலில் அழுததை யாரோ பார்த்துப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். எதற்காக அழுதேன் என்பதும் தெரிந்திருக்கிறது. ராசு வீட்டில் பத்துப் பேர் கூடியிருந்த இடத்தில் அண்ணி பேசிய பிறகுதான் அவர் சம்மதித்தாராம். அண்ணி சொன்னது இது.

"எம்புள்ள முடி போனதால சாகலீங்க. ஐப்பசியில காய்ச்ச வந்துச்சு. தையிலதான் கூட்டிட்டுப் போனோம். நான் வேரு அரச்சுக் குடுத்துட்டு ஊட்டுலயே வெச்சுக்கிட்டேன். டாக்டரு எங்கிட்ட அப்பவே சொன்னாரு, முன்னாலயே வந்திருந்தா வேற மாதிரின்னு. இத்தன நாளு நான் அத யார்கிட்டயும் சொல்லல. ஊரு என் நாத்தனாரச் சொல்லுச்சு, நானும் உட்டுட்டேன். எனக்கு அது சவுரியமா இருந்துச்சு. உங்க புள்ளய நீங்களும் ஊட்டுலயே வெச்சுக்காதீங்க."

ஐயா, அம்மா, இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு வெடித்தது. ஒரு தாய் ஊர் முன்னால் இப்படிச் சொல்ல என்ன பாடு பட்டிருப்பார்! பழி என் மேல் பத்திரமாக இருந்தது. அதை அவர் தொட்டிருக்கவே வேண்டாம். யாரோ பெற்ற பிள்ளைக்காக அதை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அம்மனிடம் ஓர் ஆளை அனுப்பு என்று கேட்டேன். மலையில் இத்தனை பேர் இருக்க அவள் அனுப்பியது இவரை.

அன்று மதியம் ஹரிணியை வார்டில் சேர்த்த பிறகு, படியில் உட்கார்ந்திருந்த அண்ணியிடம் போனேன். காலைத் தொட்டேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"முடிய நீ எடுத்தது தப்பு. அது தப்புத்தான். அத நீயும் அம்மனும் பாத்துக்குங்க" என்றார். பிறகு, "புள்ளய நீ கொல்லல. அத மட்டும் சொல்லோணும்னுதான் இருந்தேன். சொல்லாம வெச்சிருந்தேன்" என்றார்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கண்ணு என்றும் கூப்பிடவில்லை. இருவரும் அந்தப் படியில் உட்கார்ந்து அழுதோம். ஒன்பது மாதம் கழித்து ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுதோம். அதுவே எனக்குப் பெரிய வரம்.

ஹரிணிக்கும் அதே நோய்தான், ஆனால் சரியான நேரத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். சிகிச்சை இன்னும் முடியவில்லை, நீண்ட வைத்தியம் அது. ஆனால் மருந்துக்குக் கேட்கிறது. நோய் அடங்கியிருக்கிறது. போன வாரம் வார்டில் ஊசி போட வந்த நர்ஸைக் கடித்துவிட்டாள். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்றால் நர்ஸ் என்னை மன்னிக்கட்டும்.

நான் மாறிவிட்டேன் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். செய்ததைச் சொல்கிறேன். நடந்ததையெல்லாம் மேலாளரிடம் சொன்னேன். தாரணியின் கடிதத்தை மறுபடி அச்சடிக்க இருந்தார்கள், நிறுத்தினோம். பிள்ளைகளைச் சேர்க்கும் படிவத்தில் இப்போது ஒரு கேள்வி இருக்கிறது: முடி ஏதாவது சாமிக்கு நேர்ந்திருக்கிறீர்களா? இருந்தால் மருந்து தொடங்கும் முன்பே தாயிடம் உட்கார்ந்து பேசுகிறோம். ஓர் இழையும் குப்பைக்குப் போவதில்லை. மொட்டைத்தலைப் படத்தை என் கையால் அனுப்புவதில்லை. பதில்கள் குறைந்திருக்கின்றன. கூடுதலாக நாலு பேரைப் போய்ப் பார்த்துக் கேட்கிறேன், அவ்வளவுதான். கரூர்ப் பெரியவருக்கு நானே போன் செய்து உண்மையைச் சொன்னேன். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை.

முகாமுக்குத் தேவனூர் நாட்டுப் பிள்ளைகள் மறுபடி வருகிறார்கள். அண்ணிதான் கூட்டி வருகிறார். எந்த வீட்டில் காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேல் நின்றாலும் போய் நின்றுவிடுகிறாராம்.

என் தாரணி திரும்பி வரவில்லை. அவளுக்காக நான் அன்று கோயிலில் விழுந்து வேண்டியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தப்புச் செய்துவிட்டோமே, எந்த முகத்தோடு போவது என்று வெளியே நிற்கிறவர்கள் உள்ளே போங்கள். அழகாகக் கேட்க வேண்டியதில்லை. எதையும் கொடுக்கிறேன் என்று பேரம் பேச வேண்டியதில்லை. அம்மன் காது கொடுத்துக் கேட்கிறாள். நீங்கள் யார் கண்ணில் விழிக்கப் பயப்படுகிறீர்களோ, அவர் மூலமாகவே உதவியை அனுப்பவும் அவளுக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. அண்ணி மாதம் ஒரு முறை ஹரிணியோடு வருகிறார். என் அறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஹரிணியைப் பற்றி மட்டும் பேசுகிறார். இன்னும் ஒரு தடவைகூட, ஊட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை. அதை அம்மனிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஊரார் பிள்ளைகளுக்காக இத்தனை வருடம் எத்தனையோ பேரிடம் கை நீட்டியிருக்கிறேன், எனக்கென்று யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இப்போது உங்களிடம் கேட்கிறேன். அம்மன் சந்நிதிக்குப் போனால், என்னை என் அண்ணி வீட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்று எனக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.